ஒடிந்த ஸ்க்ரூவுக்காகத் திராட்டில் பாடியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். 2009 மாடல் சின்ன பெட்ரோல் கார், கேபிள் வகை திராட்டில். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறது, சிக்னலில் நின்றால் சில சமயம் அணைந்தே போகிறது. அந்த நேரத்தில் எஞ்சினுக்குக் காற்றை அளவாக விடும் ஐடில் கண்ட்ரோல் வால்வை எங்கள் மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்யப் பார்த்தார். இரண்டு ஸ்க்ரூவில் ஒன்றின் தலை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. இன்னொன்று தலையோடு ஒடிந்துவிட்டது. வால்வு அசையவில்லை. அந்த வால்வு உட்கார்ந்திருக்கும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பாடியையே புதிதாகப் போட வேண்டும் என்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஒடிந்த ஸ்க்ரூவை நினைத்து நீங்கள் கவலைப்படுவது தெரிகிறது. ஆனால் இரண்டில் அதுதான் சுலபமான ஸ்க்ரூ. தொல்லை கொடுக்கப்போவது தலை தேய்ந்தது.

ஒரு ஸ்க்ரூ கழலாமல் அடம்பிடிக்க இரண்டு காரணங்கள் உண்டு. தலை, வால்வின் விளிம்பை அழுத்திப் பிடித்திருக்கும் இறுக்கம் ஒன்று. மரைக்குள் சேர்ந்த அரிப்பு இன்னொன்று. தலை ஒடிந்துவிட்டால் முதல் காரணம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வால்வை மேல்நோக்கி இழுத்தால் ஒடிந்த துண்டின் மேலாகவே வந்துவிடும். பிறகு அந்தத் துண்டு, விளிம்பின் கனம் எவ்வளவோ அந்த அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் இடுக்கியான வைஸ் கிரிப் கடிக்க அந்த மூன்று நான்கு மில்லிமீட்டர் போதும். அதனால் நான் செய்வது, தலை தேய்ந்த ஸ்க்ரூவின் தலையையும் வேண்டுமென்றே எடுத்துவிடுவது.

அதற்கு முன் ஏன் இப்படி ஆனது என்று பார்த்துவிடலாம், கை வைக்கும்போது உதவும். திராட்டில் பாடி அலுமினிய வார்ப்பு, ஸ்க்ரூ எஃகு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அரித்து வரும் வெள்ளைப் பொடி, பழைய உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் இடம் ஏது? அப்படியே இறுகிப்போகும். திருவொற்றியூர், எண்ணூர், பெசன்ட் நகர் வண்டிகளில் பானெட்டைத் திறந்ததுமே இந்த வெள்ளைப் பொடியைப் பார்க்கலாம். அதே வயது வண்டி பூந்தமல்லிப் பக்கம் ஓடியிருந்தால் ஸ்க்ரூ பெரும்பாலும் பேசாமல் கழன்று வரும்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, ஆனால் தலை தேய்வதற்குப் பெரும்பாலும் துருவைவிட ஸ்க்ரூடிரைவரே காரணம். நாம் ‘ஸ்டார்’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பிலிப்ஸ். ஜப்பான் வழி வந்த வண்டிகளில் இருக்கும் ஸ்க்ரூ பல, ஜிஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தவை. தலையில் சின்னதாக ஒரு புள்ளி குழிந்திருந்தால் அநேகமாக அதுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை அந்தக் குழியின் அடிவரை போய் உட்காராது, பலம் கொடுத்ததும் வழுக்கி மேலே ஏறி ஓரங்களைச் சீவிவிடும். முதல் அரை நிமிடத்திலேயே சேதம் முடிந்துவிடுகிறது. பட்டறையில் ஒரு ஜிஸ் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் இந்த வேலையில் பாதி இல்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். திராட்டில் பாடியை முழுசாக எஞ்சினிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டு வாருங்கள். வண்டியிலேயே வைத்து டிரில் போடும் எண்ணம் வேண்டவே வேண்டாம். ஒரு துளி இரும்புத்தூள், காற்று போகும் இன்டேக் வழியாக உள்ளே போனால் ஸ்க்ரூ கதை எஞ்சின் கதை ஆகிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றி, கேபிளை விடுவித்து, கனெக்டர்களை எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் கூலன்ட் குழாய் இரண்டு திராட்டில் பாடிக்குள் ஓடும், அதை மறந்துவிடாதீர்கள். கழற்றியதும் எஞ்சின் பக்கம் திறந்திருக்கும் மேனிஃபோல்டு வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும்.

தேய்ந்த ஸ்க்ரூவுக்கு ஒரு கடைசி வாய்ப்பு கொடுக்கலாம். திராட்டில் பாடியை ஸ்க்ரூ தலை மேலே பார்க்க வைத்து, துருநீக்கி எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் ஒரு சாலிடரிங் அயர்ன் முனையைத் தலையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, ஆறவிட்டு, மறுபடி சொட்டு விடுங்கள். சூட்டில் ஸ்க்ரூ விரிந்து ஆறும்போது சுருங்கும், அந்த அசைவில் பொடி உடையும். ஹாட் ஏர் கன் இருந்தால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கலாம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், துளை கொஞ்சம் தளரும். ஆனால் வால்வின் பிளாஸ்டிக் பக்கத்திலேயே இருக்கிறது என்ற நினைப்பு இருக்கட்டும். எண்ணெயும் பெட்ரோல் வாடையும் உள்ள பொருள் என்பதால் கேஸ் டார்ச் கூடாது.

அப்புறம், பொருந்துகிற பிட் போட்ட இம்பாக்ட் டிரைவர். சுத்தியலால் தலையில் அடித்தால் தானாகத் திரும்புமே, அந்த வகை. முனையில் ஒரு துளி வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் தடவிக்கொள்ளுங்கள், அந்தச் சொரசொரப்பு தேய்ந்த குழியைப் பிடித்துக்கொள்ளும். நான்கு அடி போதும். நான்கில் அசையாதது நாற்பதிலும் அசையாது, வார்ப்புதான் விரிசல் விடும்.

அசையவில்லையா? தலையை எடுத்துவிடுவோம். நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு குழி போட்டு, ஸ்க்ரூ தண்டின் அளவுக்கே டிரில் பிட் எடுங்கள். எம்5 ஸ்க்ரூ என்றால் 5 மில்லிமீட்டர், எம்4 என்றால் 4. மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய். தலையின் கனத்தைத் தாண்டியதும் அது மோதிரம் மாதிரி பிட்டில் சுற்றிக்கொண்டு வரும். அங்கே நிறுத்திவிடுங்கள், இன்னும் இறங்கினால் நமக்கு வேண்டிய தண்டையும் தின்றுவிடும்.

வால்வு இப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்திருப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் கார்பனும்தான். பிளாஸ்டிக் சுத்தியலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டி அசைத்து எடுங்கள். இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் வால்வு உட்காரும் முகத்தில் கீறல் விழும், கீறல் வழியே காற்று கசியும், மறுபடி ஐடில் தகராறு.

நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு துண்டுக்கும் மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. இப்போது பிளாஸ்டிக் எதுவும் பக்கத்தில் இல்லை, திராட்டில் சென்சாரையும் எடுத்துவிட்டால் ஹாட் ஏர் கன்னைத் தைரியமாகக் காட்டலாம். சென்சாரை எடுக்கும் முன் அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பல சென்சார்களில் துளை நீளவாக்கில் இருக்கும், இடம் மாறினால் வோல்டேஜ் மாறும். வைஸ் கிரிப்பை இறுகக் கடிக்க வைத்து, எடுத்த எடுப்பில் கழற்றப் பார்க்காமல், இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, கழற்றுகிற பக்கம் ஒரு மயிரிழை என்று ஆட்டுங்கள். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகு வந்துவிடும்.

துண்டு முகத்துக்குக் கீழே, மரைக்குள்ளேயே ஒடிந்தால்தான் உண்மையான தலைவலி. அப்போது பலரும் தேடுவது எக்ஸ்ட்ராக்டர், ஒடிந்த துண்டில் துளை போட்டு உள்ளே விட்டுத் திருகி எடுக்கும் கருவி. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஓர் எம்5 துண்டுக்குள் அதை விட்டுத் திருகினேன், எக்ஸ்ட்ராக்டர் உள்ளேயே ஒடிந்தது. அது கடினமாக்கிய எஃகு, சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கி ஓடும். கடைசியில் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷினில் கொடுத்து எரித்து எடுக்க வேண்டியதாயிற்று. சின்ன ஸ்க்ரூவுக்கு எக்ஸ்ட்ராக்டர் போடுவதை அன்றோடு விட்டேன்.

அப்படி ஒடிந்தால் நீங்களே முயலாமல் ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி எஸ்டேட் பக்கம் டை, மோல்டு வேலை செய்பவர்களிடம் மில்லிங் மெஷின் இருக்கும். கைடிரிலில் நடுப்புள்ளி தவறும், அலுமினியம் மெத்தென்று இருப்பதால் பிட் அந்தப் பக்கமே ஓடும். மெஷினில் பிடித்தால் தவறாது. எம்5 மரைக்கு 4.2 மில்லிமீட்டர் வரை துளைத்து, மிச்சம் இருக்கும் கம்பிச் சுருளை ஊசியால் உரித்தால் பழைய மரையே பிழைக்கும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் போடச் சொல்லுங்கள். எஃகுக் கம்பி மரை அது, பழைய அலுமினிய மரையைவிட உறுதி.

உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகிற இடமும் உண்டு. திராட்டில் பாடியில் காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டின் ஷாஃப்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ‘லொடலொட’ என்றால் ஷாஃப்ட் துளை தேய்ந்திருக்கிறது, திராட்டில் பாடியையே மாற்றுவது நல்லது. தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூ மேல் மட்டும் கை வைக்காதீர்கள். அவை கழன்று எஞ்சினுக்குள் விழக்கூடாது என்று முனையை நசுக்கியே விட்டிருப்பார்கள். சுத்தம் செய்ய அவற்றைக் கழற்றத் தேவையே இல்லை.

மாற்றுவதாக முடிவானால் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடலாம். பார்ட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா, ஷாஃப்ட் ஆடுகிறதா என்று பாருங்கள், ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் நிறைய வண்டி மூழ்கியது. அப்படி ஒன்றிலிருந்து கழற்றியதை வாங்கினால் இதே கதை மறுபடி நடக்கும்.

வால்வைச் சுத்தம் செய்து மாட்டும்போது பழைய ஸ்டார் ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே மரை, அதே நீளத்தில், தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் ஸ்க்ரூ வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் அடியில் முட்டி நின்றுவிடும், வால்வு இறுகாது. ஸ்டெயின்லெஸ் என்றால் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் நீட்டுவார். ஸ்க்ரூவுக்குப் பிடிக்காதுதான், அலுமினியத்தை அது இன்னும் தின்னும். முலாம் பூசிய சாதாரண எஃகே போதும். மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம், இல்லாவிட்டால் கிரீஸ். ஓ-ரிங் புதிதாக இருக்கட்டும். ஆலன் சாவியின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து இறுக்குங்கள், நீளப் பக்கத்தைப் பிடித்தால் இந்த அளவு ஸ்க்ரூவுக்கு விசை மிஞ்சிவிடும்.

எல்லாம் மாட்டி, குறைந்த கூலன்ட்டை நிரப்பி ஸ்டார்ட் செய்ததும் ஐடில் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஏசி போடாமல், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும் வரை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் ஏறி இறங்கினால் கோளாறு வால்வில்தான் என்று சொல்ல முடியாது, இன்டேக்கிலிருந்து கிளம்பும் சின்ன வேக்குவம் குழாய்களில் எங்காவது விரிசல் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.