தொழிலில் ஜெயிக்க ஐடியா முக்கியமா, செயலாக்கமா?

ஐடியா என்பது ‘இப்படிச் செய்தால் விற்கும்’ என்ற ஊகம். அதைப் பொருளாக்கி, விலை வைத்து, வாங்குபவர் கையில் சேர்ப்பது செயலாக்கம். என் ஓட்டு இரண்டாவதற்கே. ஊகம் தப்பு என்று தெரிவதும் திருத்திக்கொள்வதும் விற்கும்போதுதான்.

சிக் ஷாம்பு விற்கும் சென்னையின் கவின்கேர் நிறுவனத்தையே பாருங்கள். பாக்கெட் ஷாம்பு யோசனை அதன் நிறுவனர் சி.கே.ரங்கநாதனின் அப்பா சின்னி கிருஷ்ணனுடையது. 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கிய மகன், எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். கிராமங்களில் பையன்களின் தலையில் தேய்த்தே காட்டினார்கள்!

இட்லிக்கு அரிசி, உளுந்து அளவு மயிலாப்பூரில் யாருக்குத் தெரியாது? மாவு சரியாகப் புளிக்காத மழை நாளிலும் காலை ஆறு மணிக்கு மெத்தென்று தருகிற கடையில்தான் கூட்டம்.

‘வெளியே சொன்னால் ஐடியாவைத் திருடிவிடுவார்கள்’ என்று பலர் வாயே திறப்பதில்லை; சொல்லாமல் இருந்தால், வாங்க ஆள் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?