ஷெல் பட்ட மாமரம்: மொட்டையடிப்பதா, தறிப்பதா?

உடையார்கட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் முற்றத்தில் அப்பா வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. 2009 தொடக்கத்தில் நாங்கள் இடம்பெயர்ந்த பிறகு அதில் ஷெல் துண்டுகள் பட்டிருக்கின்றன. திரும்பி வந்து வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியபோது மரம் தழைத்துப்போய் நின்றது. இப்போது பெரிய கொப்பு ஒன்று கூரைக்கு மேலே வந்துவிட்டது. உடுப்புக் காயப்போடும் கம்பியும் அந்த மரத்தில்தான். மரம் வெட்டுகிறவர் ஒருவர், மாரிக்கு முன்னம் தலையை மொட்டையடித்துவிடுவோம் என்கிறார். இன்னொருவர், துண்டு பட்ட மரம் உள்ளே உக்கியிருக்கும், அடியோடு தறியுங்கள் என்கிறார்; துண்டில் வாள் பட்டால் செயின் காசும் நாங்கள்தான் தரவேண்டுமாம். என்ன செய்வது?"

தங்கச்சி, முதலாமவர் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டாமவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்க்க ஒரு தையல் ரேப்பும் உங்கள் அம்மாவின் ஞாபகமும் போதும்.

மரத்தில் பட்ட காயம் ஆறுவதில்லை, மூடப்படுகிறது. பட்ட இடத்து மரம் பட்டபடியே கிடக்க, மரம் அதைச் சுற்றித் தடுப்புக் கட்டிவிட்டு வெளிப்புறமாகப் புது மரம் போட்டுக்கொண்டு போகும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சோவால் நெடுக்காகப் பிளந்து பார்த்து 1977இல் இதை விளக்கி எழுதினார். அவர் சொன்ன தடுப்புகள் நான்கு. மேலும் கீழும் உக்கல் பரவாமல் தடுப்பது இருப்பதிலேயே பலவீனமானது. காயம் பட்ட வருடத்து மரத்துக்கும் அதற்குப் பிறகு வளர்ந்த மரத்துக்கும் நடுவில் எழும்புவதுதான் ஆகப் பலமானது.

வன்னியில் இது எங்களுக்கு நல்ல கையிருப்பு, ஏனென்றால் காயம் பட்ட வருடம் எல்லோருக்கும் தெரியும். 2009இல் மரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ, அந்தப் பருமனுக்குள்தான் உக்கல் இருக்கலாம். பிறகு போட்ட மரத்தை வேறு எவரும் காயப்படுத்தாவிட்டால் அது நல்ல மரம். துண்டும் உள்ளே நகர்ந்து போகாது. மரம்தான் அதன்மேல் வளர்ந்து மூடுகிறது. உயரமும் மாறாது. அன்று இடுப்பளவில் பட்ட துண்டு இன்றும் இடுப்பளவில்தான் இருக்கும்.

இனி அளவுக்கு வருவோம். நெஞ்சுயரத்தில் மரத்தைச் சுற்றி ரேப்பைப் பிடியுங்கள். வந்த அளவை 3.14ஆல் பிரித்தால் விட்டம், அதில் பாதி ஆரம். 188 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 60, ஆரம் 30. உள்ளே கோதாகிப்போன மரமும் குழாயைப்போல நிற்கும். சுவர் எவ்வளவு தடிப்பு என்பதுதான் கேள்வி. ஜேர்மனிய மர ஆய்வாளர் கிளவுஸ் மத்தெக் தந்த கணக்குப்படி, ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல மரம் இருக்கவேண்டும். உங்கள் மரத்தின் ஆரம் 30 என்றால் சுவர் 10 செ.மீ.

அம்மாவிடம் கேளுங்கள்: இடம்பெயர முன்னம் மரத்தைக் கட்டிப்பிடித்தால் கைவிரல்கள் தொட்டனவா? படங்களெல்லாம் போய்விட்டன என்பார்கள். கைக்கு ஞாபகம் இருக்கும். விரல் மட்டுமட்டாகத் தொட்டது என்றால் சுற்றளவு ஏறத்தாழ 150, ஆரம் 24. அதற்கு வெளியே வளர்ந்தது 6 செ.மீ. மட்டும். உள்ளே முழுக்க உக்கியிருந்தால் போதாது. ஒரு கையை மற்றக் கை தாண்டிப்போகும், மெல்லிய மரம்தான், விட்டம் 30 இருக்கும் என்றால் சுவர் 15 செ.மீ. அப்படியென்றால் அந்த மரத்தைத் தறிக்க எனக்கு மனம் வராது. இது ஆகக் கெட்ட நிலையை வைத்துப் போட்ட கணக்கு. ஆனால் வெளியே வாய் திறந்த பொந்து இருந்தால் இந்தக் கணக்கைக் கைவிடுங்கள். பிளந்த குழாய் சுலபமாக மடங்கும்.

அளந்த பிறகு மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் "டக்" என்னும், கோதான இடம் "டொம்" என்னும். அடியில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தால் கணக்கை விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எத்தனையோ பேர் பார்க்க மறக்கும் இடம் வேர். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோதும் மலசலகூடக் குழி தோண்டியபோதும் எந்தப் பக்க வேர் போனது? மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மரத்தை இழுத்துப் பிடிப்பது வடகிழக்குப் பக்கத்து வேர். அந்தப் பக்கத்து மண் வெடித்தோ உயர்ந்தோ இருந்தால் மரம் அசைந்திருக்கிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு மண் கூழாகிவிடும், மரம் முறியாது, வேரோடு சாயும்.

மொட்டையடிப்பது ஏன் கூடாது? காற்றுப் பாரம் குறையும் என்று சொல்வார்கள். ஒரு மாரிக்கு அது உண்மை. பிறகு வெட்டிய முனைகளைச் சுற்றிக் கத்தையாகத் துளிர்கள் கிளம்பும். அவை பழைய கொப்பைப்போல உள்ளிருந்து முளைத்தவை அல்ல, பட்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்பவை. மூன்று நான்கு வருடத்தில் அவை பாரமாகும்போது, அடியில் வெட்டுவாய் உக்கத் தொடங்கியிருக்கும். அதோடு, 2009க்குப் பிறகு மரம் பாடுபட்டு வளர்த்த அந்த நல்ல சுவருக்குள்ளேயே நாங்கள் புதிதாக உக்கலை விட்டுவிடுகிறோம். மரத்தை வைத்திருப்பதென்றால் ஒழுங்காகக் கவ்வாத்துப் பண்ணுங்கள், இல்லையென்றால் தறியுங்கள்.

ஒழுங்கான வெட்டு என்றால் கூரைப் பக்கம் போகும் கொப்பை, அதிலிருந்து வேறு பக்கம் திரும்பும் ஒரு கிளை வரை குறைப்பது. அந்தக் கிளை, வெட்டும் இடத்துப் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். ஒரே தடவையில் மொத்த இலையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக்கூடாது. கொப்பை முழுதாக எடுப்பதானால் மூன்று வெட்டு. முதலில் மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கமாகக் கால்வாசி. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்ட, கொப்பு பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழும். கடைசியாக மிஞ்சிய அடிக்குற்றியை, கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் கழுத்துக்கு வெளியே எடுக்கவேண்டும். கழுத்தைச் சீவினால் மரம் வாயை மூடாது. வெட்டுவாயில் தார், பெயின்ற் ஒன்றும் பூசவேண்டாம். அவை உக்கலைத் தடுப்பதில்லை.

நாள் பார்ப்பதென்றால், மாம்பழம் முடிந்து மழை தொடங்கு முன்னம், ஆவணி புரட்டாசி. நான் விடிய ஆறரைக்கே மரத்தில் ஏறிவிடுவேன். பத்து மணிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் மேலே வாளோடு நிற்க முடியாது. 30 செ.மீ. பருமனும் 5 மீற்றர் நீளமுமான பச்சைக் கொப்பு ஏறத்தாழ 350 கிலோ. அதை ஓட்டுக்கு மேலே "பார்த்து விழுத்துவோம்" என்கிறவரை நம்பாதீர்கள். கயிற்றில் கட்டித் துண்டுதுண்டாக இறக்கவேண்டும். அதற்குக் கீழே கயிறு பிடிக்கிற ஆள் என்னைவிடக் கெட்டிக்காரனாக இருக்கவேண்டும். பேரம் பேசி அந்த ஆளின் கூலியைக் குறைத்துவிடாதீர்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்சார அலுவலகத்துக்கு அறிவித்து இணைப்பை நிறுத்திய பிறகுதான் ஏறவேண்டும். இன்னொன்று: வருகிறவர் காலில் இரும்பு முள் பூட்டி ஏறினால் இறக்கிவிடுங்கள். அது தறிக்கப்போகும் மரத்துக்குத்தான். ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். கள்ளுச் சீவல் தொழில் செய்த என் மாமா காலில் போடும் தளைநாரோடு பனையில் ஒரு கீறல் விழாமல் ஏறி இறங்கினார். (முசுறு எறும்புக்கு மட்டும் மருந்து இல்லை. ஏறுகிறவன் கடி வாங்கத்தான் வேண்டும்.)

செயின் காசு விடயத்தில் இரண்டாமவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு விசுவமடுவில் ஒருதரம் வேப்பமரத்தில் வாள் துண்டில் பட்டு உதறி, முகத்துக்கு நேரே வந்து நின்றது. செயின் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து தழும்பு உள்ள இடத்தில் கைவாள்தான். வெட்டிய முகத்தில் கறுநீலமாகக் கறை படர்ந்திருந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. மரத்திலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து அப்படிக் கறுக்கும். எந்தத் தழும்பு எங்கே என்று சோக்கால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுக் கூலி பேசுங்கள். வட்டத்துக்குள் வாள் வைத்தால் அவர் பொறுப்பு, வெளியே துண்டு வந்தால் உங்கள் பொறுப்பு. இப்படிப் பேசினால் சண்டை வராது.

தறிக்கவேண்டி வந்தால் அடிக்கட்டையைப் பெக்கோ விட்டுக் கிளப்ப அவசரப்படாதீர்கள். எங்கள் மண்ணில் வேருக்குள் என்ன கிடக்கிறதோ. முழு உருவமாக, வால் செட்டையோடு எதையாவது கண்டால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டு 119க்குச் சொல்லுங்கள். குப்பையைக் கூட்டி அந்த இடத்தில் நெருப்பு வைக்கவும் வேண்டாம். மரத்தை லொறியில் ஏற்றுவதானால் முதலே கிராம அலுவலரிடம் கேளுங்கள். பலாவும் பனையும் உங்கள் காணியிலேயே நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது.

அந்தக் கொடிக்கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தால் வெட்டி எடுங்கள். பட்டைக்குள் புதைந்துபோன பகுதியையும் ஆணியையும் பிடுங்கவேண்டாம், அதற்கும் சோக்கால் ஒரு வட்டம் போடுங்கள். உடுப்புக் காயப்போட இரண்டு கட்டை நட்டால் போதும்.