62 பேரில் எத்தனை பேர் பேசுகிறார்கள்?

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் 2015-இல் மெக்கானிக்கல் முடித்தேன். இப்போது ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில், பிரேக் பாகங்களை அளந்து பார்க்கும் குவாலிட்டி வேலை. மாதம் 27 ஆயிரம். ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. 4 லட்சம் கல்விக்கடனை வட்டியோடு போன வருடம்தான் அடைத்தேன். கல்யாணம் ஆகவில்லை. பத்து வருடம் ஆனதால் எங்கள் செட் ஏற்காட்டில் கூடுகிறது, தலைக்கு 4,500 ரூபாய். 62 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் ஒருவன் டெக்சாஸில் வீடு வாங்கியிருக்கிறான், இன்னொருவன் புது கார் முன்னால் நிற்கிறான். எல்லோரும் செட்டில் ஆகிவிட்டார்கள். நான் போகட்டுமா, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் குரூப்பில் போன ஒரு மாதத்தில் வாய் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பிறந்தநாள் வாழ்த்தும் கும்பிடும் கை பொம்மையும் கணக்கில் சேராது. பத்துப் பேரைத் தாண்டாது என்றுதான் நினைக்கிறேன். மிச்சம் ஐம்பது பேரும் உங்களைப் போலவே, பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பவர்கள். "எல்லோரும் செட்டில்" என்று நீங்கள் சொல்வது அந்தப் பத்துப் பேரை வைத்துத்தான்.

உங்கள் செட்டுக்கு வாய்த்த காலம் அப்படி. நீங்கள் கவுன்சலிங் போன 2011-இல் தமிழ்நாட்டில் சுமார் 500 பொறியியல் கல்லூரிகள். படித்து வெளியே வந்தபோது ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வருடக் கடைசியில் சென்னை வெள்ளம். ஐந்தாம் வருடம் கொரோனா. 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் நின்றது. படித்த துறையிலேயே வேலை தரும் கோர் கம்பெனிதான் வேண்டும் என்று ஒரகடத்தில் ட்ரெய்னியாகச் சேர்ந்து, கான்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்தவர்கள், பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் என்.டி.டி. கோர்ஸ் முடித்து வளைகுடா போனவர்கள், ஐ.டி.க்குத் தாவியவர்கள், குரூப் 2, குரூப் 4 என்று நூலகத்திலேயே முப்பது வயதைத் தொட்டவர்கள், எம்.இ. முடித்து வாத்தியாராகி, சீட் நிரம்பாத கல்லூரியில் சம்பளம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் என எல்லோரும் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். உங்கள் 62 பேரில் இவர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

டெக்சாஸ்காரர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் எச்1பி என்கிற அமெரிக்க வேலை விசாவில் இருந்தால் அவர் பாடும் லேசானதில்லை. வேலை போனால் அடுத்த வழி தேட அதிகபட்சம் 60 நாள்தான். அங்கேயே நிரந்தரமாகத் தங்க வேலை அடிப்படையில் தரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் வருடத்துக்கு 7 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் நிற்கும் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. வாசலில் எடுத்த போட்டோவில் இதெல்லாம் விழாது.

என் கதையையும் சொல்கிறேன். நான் 1998-இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். பத்தாம் வருடம் எங்கள் செட் கூடியபோது நான் போகவில்லை. நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள், கையில் வேலை இல்லை. ஊரில் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் என் பெஞ்ச்காரனைப் பார்த்தேன். மறுநாள் வீடு தேடி வந்து கல்லூரியில் நான் வைத்திருந்த கிளார்க்ஸ் டேபிள் என்கிற மடக்கை அட்டவணைப் புத்தகத்தைக் கொடுத்தான். அட்டையில் நீல மையில் என் பெயர், கடைசிப் பக்கத்தில் கேன்டீன் பாக்கிக் கணக்கு. "அன்னிக்கே உன்கிட்ட குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்டா" என்றான். அமெரிக்கப் பொருளாதார நெருக்கடியில் அவனுக்கும் அப்போது வேலை போயிருந்ததாம். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் என்றுதான் செட் கூடிய அன்று வந்தானாம், நான் இருப்பேன் என்று நம்பி. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 27 ஆயிரம் இல்லை. "சின்ன கம்பெனி", "ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது" என்கிற சொற்கள்தான். நானும் ஆய்வகத்தில் திருகு அளவியைப் பிடித்தவன். ஒரு கம்பியின் தடிமனை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை சரியாகப் படிக்க எனக்கு அரை நாள் ஆகும். நீங்கள் அதைத் தினமும், ஷிப்ட் முழுக்கச் செய்கிறீர்கள், அதுவும் பிரேக்குக்கு. உங்கள் கண் தவறினால் எங்கோ ஒரு வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அப்புறம் அந்தக் கடன். 4 லட்சமும் வட்டியும், இந்தச் சம்பளத்தில் அடைத்தீர்கள். அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே!

சரி, "இப்ப எங்க இருக்க?" என்று கேட்பார்கள். "ஓசூர்ல, குவாலிட்டில இருக்கேன், பிரேக் பார்ட்ஸ் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "சும்மா", "இப்போதைக்கு" எதையும் ஒட்ட வேண்டாம். கல்யாணம் பற்றிக் கேட்டால் "பாத்துட்டு இருக்காங்க", அவ்வளவுதான். அதற்கு மேல் துருவுகிறவர் பக்கத்தில் சாப்பாட்டுக்கு உட்காராதீர்கள். 4,500 ரூபாய் கனமாக இருந்தால் ஏற்பாடு செய்பவருக்குத் தனியாக போன் போட்டு, பகலுக்கு மட்டும் வருகிறேன், எவ்வளவு என்று கேளுங்கள். கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. வருகைப் பதிவேட்டின் வரிசையில் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், இன்னும் மறந்திருக்காது. அதில் உங்கள் ஹாஸ்டல் அறையில் இருந்தவரோ, பக்கத்தில் உட்கார்ந்தவரோ குரூப்பில் மூச்சே விடாமல் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு, "ஏற்காடு போறியா? நானும் வர்றேன், சேலத்துல ஒண்ணா பஸ் ஏறலாம்" என்று சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் மறுநாளும் கூப்பிடுங்கள்.