அடுத்த பதிப்பில் எந்தெந்தக் கிளாஸ்கள் இருக்கும், வார்லார்டு திரும்புமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு இனி ஒரு புதிய பதிப்பு வந்தால் அதில் எந்தெந்தக் கதாபாத்திரக் கிளாஸ்கள் (கதாபாத்திரத்தின் தொழில்வகைகள்) இடம்பெறும் என்றும், நான்காம் பதிப்பில் இருந்த வார்லார்டு என்ற தளபதிக் கிளாஸ் திரும்ப வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரருக்கான முதல் விதிப் புத்தகத்தில் இப்போதிருக்கும் பன்னிரண்டு கிளாஸ்களும் அதே பெயர்களோடு இருக்கும்; பதின்மூன்றாவது இடத்துக்கு கருவி செய்யும் ஆர்ட்டிஃபைசரும் மனோசக்திக்காரரான சையானும் போட்டியிடும்; வார்லார்டு தனிக் கிளாஸாக வராது. இதே போன்றதொரு கணிப்பை 2022இல் மிகுந்த நம்பிக்கையோடு சொல்லித் தோற்று, எங்கள் குழுவில் எல்லோருக்கும் சேலம் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். கிளாஸ் என்பதை வகுப்பு என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மாடிக்கு ஆட வந்திருந்த புதுப் பையனிடம் "தம்பி, நீ என்ன வகுப்பு?" என்று நான் கேட்டது முறுக்குத் தட்டோடு படியேறி வந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "வீட்டுக்கு வந்த புள்ளைகிட்ட கேக்கற கேள்வியாடா இது?" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டதற்குப் பிறகு எங்கள் மேசையில் அந்தச் சொல் எழுந்ததே இல்லை.

கணிப்புக்கு வருகிறேன். ஒரு கிளாஸ் எப்படிப் பிறந்தது என்பது தெரிந்தால்தான் எது நிலைக்கும் என்பதைச் சொல்ல முடியும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் ஆட்டத்தில் மூன்றே கிளாஸ்கள்தான்: சண்டைக்காரர், மந்திரவாதி, தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரியான கிளெரிக். இவற்றில் கிளெரிக் பிறந்த கதை சுவையானது. ஆர்னெசன் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக ஆடி, மற்றவர்களால் சமாளிக்கவே முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டதால், அவரை அடக்குவதற்கென்றே அது உருவாக்கப்பட்டது. மறு ஆண்டு சேர்ந்த திருடன், கலிஃபோர்னியாவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குழுவின் யோசனையிலிருந்து கைகாக்ஸுக்குக் கிடைத்தது. மேசையில் யாருக்கோ ஒரு தேவை ஏற்பட்டு, அதற்கு விடையாக வந்தவை இவை. அதனால்தான் ஐம்பது ஆண்டுகளாகியும் இவற்றை யாராலும் அசைக்க முடியவில்லை.

வடிவமைப்பாளர்கள் மேலிருந்து வகைப்படுத்திய முயற்சிகளின் கதி வேறு. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு எல்லாவற்றையும் நான்கு குழுக்களுக்குள் அடக்கி, வெறுங்கையால் சண்டையிடும் துறவியான மாங்க்கையும் கொலையாளியான அசாசினையும் முதல் புத்தகத்திலிருந்து நீக்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பில் மாங்க் திரும்பிவிட்டது. 2008இல் நான்காம் பதிப்பு ஒவ்வொரு கிளாஸுக்கும் காப்பவர், தாக்குபவர், வழிநடத்துபவர், கட்டுப்படுத்துபவர் என்று ஒரு பொறுப்பை எழுதிக் கொடுத்து, எட்டே கிளாஸ்களோடு வந்தது. பாணனான பார்ட், விலங்காக உருமாறும் ட்ரூயிட், ஆவேசப் போராளியான பார்பேரியன், பிறவியிலேயே மந்திரம் வாய்த்த சார்சரர் ஆகியவற்றுக்கு 2009 வரையும், மாங்க்குக்கு 2010 வரையும் ஆட்டக்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு அவை அனைத்தையும் முதல் புத்தகத்திலேயே திரும்பச் சேர்த்தது. 2024 புத்தகமும் அந்தப் பன்னிரண்டில் கை வைக்கவில்லை.

நான் தோற்ற பந்தயமும் இந்த இடத்தில்தான். 2024 புத்தகத்துக்காக ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல 2022 ஆகஸ்டில் வெளிவரத் தொடங்கிய சோதனை ஆவணங்களில் எக்ஸ்பர்ட், மேஜ், பிரீஸ்ட், வாரியர் என்று மீண்டும் நான்கு குழுக்கள் தலைகாட்டின. மந்திரப் பட்டியல்களும் கிளாஸ்வாரியாக இல்லாமல் மூன்று பொதுப் பட்டியல்களாகத் தொகுக்கப்பட்டிருந்தன. இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டை யார் வேண்டாம் என்பார்கள் என்று எண்ணி நான் பந்தயம் கட்டினேன். அச்சுக்கு வந்த புத்தகத்தில் குழுக்களும் இல்லை, பொதுப் பட்டியல்களும் இல்லை. மறைசக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக்கின் தனித்தன்மையான மந்திர முறையைக்கூட ஒரு கட்டத்தில் மாற்றிப் பார்த்துவிட்டுப் பழையபடியே விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஏற்காட்டில்தான் புரிந்துகொண்டேன். எங்கள் குழுவில் ட்ரூயிட் ஆடும் நண்பருக்கு நாகலூர்ப் பக்கம் வீடு. காப்பித் தோட்டத்து ஓரத்தில் காட்டெருமை வந்து நிற்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். அவருடைய ட்ரூயிட் சண்டை என்றால் காட்டெருமையாகத்தான் மாறும். விதிப் புத்தகத்தில் காட்டெருமை கிடையாது என்பதால் காண்டாமிருகத்தின் எண்களை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தோம்: இருபது அடி நேராக ஓடி வந்து முட்டினால் கூடுதலாக இரண்டு எட்டுமுகப் பகடைச் சேதம், எதிரி பகடையில் தவறினால் கீழே விழுவான். அவர் அதை ஆடும்போது சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். தலையைத் தாழ்த்தி, மூக்கால் ஒருமுறை பலமாக மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் பகடையைக் கையில் எடுப்பார்.

2023 பிப்ரவரியில் வந்த சோதனை ஆவணம் இந்த உருமாற்றத்தை நிலம், வானம், நீர் என்று மூன்று பொது அட்டவணைகளாகச் சுருக்கியிருந்தது. எந்த விலங்கின் தோற்றத்தையும் எடுத்துக்கொள்ளலாம், எண்கள் மட்டும் ஒன்றே. மார்ச் மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் அந்த விதியை ஆடிப் பார்த்தோம். இரண்டு சுற்று முடிந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, "அண்ணா, அப்ப நான் காட்டெருமையா வந்தாலும் தெருநாயா வந்தாலும் ஒரே அடிதானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எண்கள் சமநிலையில்தான் இருந்தன, ஆட்டத்தை நடத்துபவனாகிய எனக்கு வேலையும் குறைந்தது, ஆனால் அந்த மூச்சு விடும் சத்தம் அன்று மாலை முழுவதும் கேட்கவில்லை. 2024 புத்தகத்தில் விலங்குகளுக்குத் தனித்தனி எண்கள் திரும்பிவிட்டன. தெரிந்து வைத்திருக்கும் உருவங்களின் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு வைத்தார்கள்.

அந்தச் சோதனைகளிலிருந்து பிழைத்து வந்த மாற்றங்களையும் கவனியுங்கள். எல்லாக் கிளாஸுக்கும் உபகிளாஸ், அதாவது கிளாஸின் உட்பிரிவு, கதாபாத்திர வளர்ச்சியின் மூன்றாம் நிலையில் வருவதும், ஆயுதத்துக்கேற்ற தனித் திறன்களும் நிலைத்துவிட்டன. ஆட்டக்காரர் மனத்தில் வைத்திருக்கும் உருவத்தை இவை தொடவில்லை. அடுத்த பதிப்பிலும் இந்த மாதிரியான மாற்றங்களையே நான் எதிர்பார்க்கிறேன்.

இனி வார்லார்டு. அது நல்ல கிளாஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மந்திரமே இல்லாமல், ஒரு சொல்லால் வீழ்ந்தவரை எழுப்பும் தளபதி அது. சிக்கலும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அடி வாங்கினால் குறையும் ஹிட் பாயிண்ட் என்பதைக் களைப்பு, மனவுறுதி, அதிர்ஷ்டம் எல்லாம் கலந்த கணக்காகப் பார்ப்பவருக்கு அது இயல்பாகப் படும். உடலின் காயமாகவே பார்ப்பவருக்கு, அதட்டினால் வெட்டுக்காயம் எப்படி ஆறும் என்ற கேள்வி எழும். ஒரே மேசையில் இரு தரப்பும் உட்கார்ந்திருக்கும். எங்கள் மேசையில் இந்த வாக்குவாதம் ஒருமுறை இரவு பதினொன்றரை வரை போயிற்று. போதாக்குறைக்கு அதன் வேலையை ஐந்தாம் பதிப்பு முன்பே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது: ஊக்குவிப்பது பார்டுக்கு, ஆணையிடுவது சண்டைக்காரராகிய ஃபைட்டரின் பேட்டில் மாஸ்டர் உபகிளாஸுக்கு. பாகம் பிரித்த சொத்தைத் திரும்ப ஒன்று சேர்ப்பது எங்கும் எளிதல்ல.

சையானுக்கு அந்தத் தடை இல்லை. மனோசக்தி 1976 முதல் இந்த ஆட்டத்தில் வந்து போய்க்கொண்டிருக்கிறது; 2017இல் மிஸ்டிக் என்ற பெயரில் ஒரு முழுக் கிளாஸைச் சோதித்துக் கைவிட்டவர்களே, 2025இல் சையான் என்ற பெயரில் மீண்டும் சோதனைக்கு விட்டார்கள். ஆர்ட்டிஃபைசர் 2019 முதல் ஐந்தாம் பதிப்பில் இருந்தும் 2024இன் முதல் புத்தகத்துக்குள் வரவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் ஆர்ட்டிஃபைசர் என்பேன்; பட்டறை வைத்துக் கருவி செய்பவரை மேசையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு வார்லார்டுதான் வேண்டும் என்றால் பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஃபைட்டராகத் தொடங்கி, மூன்றாம் நிலையில் பேட்டில் மாஸ்டராகி, கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக், ரேலி என்ற இரண்டு உத்திகளையும் எடுத்துக்கொண்டு, நான்காம் நிலையில் இன்ஸ்பயரிங் லீடர் என்ற ஃபீட்டை, அதாவது கூடுதல் திறனைச் சேர்த்தால் முக்கால் பங்கு வார்லார்டு கையில் இருக்கும். ரேலி தருவது தற்காலிக ஹிட் பாயிண்ட்தான், விழுந்தவரை அது எழுப்பாது. அந்த வேலைக்குக் குழுவில் ஒரு கிளெரிக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.