லாரி லோடு கட்டை வாங்கலாமா? விறகு கேள்வி பதில்

வாசகர்களின் விறகு சம்பந்தமான கேள்விகளுக்கு, பண்ருட்டிப் பக்கம் அப்பா காலத்திலிருந்து நடக்கும் விறகுத் தொட்டியை (விறகுக் கடையை) இப்போது கவனித்துவரும் பெண்மணி பதில் சொல்கிறார்.

கல்யாண சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். பிளந்த விறகின் விலை கட்டுப்படியாகவில்லை. நீளக் கட்டையாக ஒரு லாரி இறக்கி, நானே அறுத்துப் பிளந்துகொண்டால் லாபமா? (சிதம்பரம் வாசகர்)

லாபம் உண்டு. ஆனால் என்ன மரம் என்று கேட்பதற்கு முன்னால், எப்போது வெட்டியது என்று கேளுங்கள். அன்றைக்கு வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். டன் கணக்கில் வாங்கும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 சதவீதம் ஈரமுள்ள ஒரு டன் பச்சைக் கட்டையில் மரம் 550 கிலோ, மிச்சம் 450 கிலோ தண்ணீர். அடுப்புக்கு ஏற்ற விறகில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் போதும். அந்த அளவுக்குக் காயும்போது உங்கள் ஒரு டன் சுமார் 690 கிலோவாக இறங்கிவிடும். பச்சைக் கட்டை டன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (விலை ஊருக்கு ஊர் மாறும், இது கணக்குக்காக), காய்ந்த விறகு டன்னுக்கு 5,800 ரூபாய் விழுகிறது. அதன்மேல் அறுப்புக்கூலி, பிளக்கிற கூலி, இறக்குக்கூலி. இதையெல்லாம் கூட்டிய பிறகும் பிளந்த விறகின் விலையைவிடக் குறைவாக வந்தால் தாராளமாக லோடு இறக்குங்கள். வராவிட்டால் பிளந்ததையே வாங்குவது மேல்.

எடைமேடையில் லாரி காலியாக நின்ற சீட்டு, பாரத்தோடு நின்ற சீட்டு, இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது எடை போட வேண்டாம். சவுக்கு வேர்க்கட்டை கலந்து வந்தால் அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் எடையில் ஏறும், அதற்குத் தனி விலை பேசுங்கள். இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே நல்ல சவுக்கும் அடியில் முருங்கையும் இலவமுமாக வருகிற லோடு எங்கள் பக்கம் புதிதல்ல. அந்த இரண்டும் சரசரவென்று எரிந்து தீர்ந்துவிடும், அண்டா சாம்பாருக்கு நிற்காது. உங்கள் வேலைக்குச் சீமைக்கருவேலமும் புளியும் நின்று எரியும். சவுக்கும் முந்திரியும் அதற்கு அடுத்து. பற்றவைக்கச் சவுக்கு மிலார், அதாவது மெல்லிய குச்சி, ஒரு கட்டுப் போதும்.

அரளி ஒரு கிளைகூட வேண்டாம், அதன் புகையே விஷம். பிச்சாவரம் பக்கத்துத் தில்லை மரமும் அப்படித்தான், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தேக்கு, ஈட்டி, சந்தனம் இருந்தால் வனத்துறைச் சீட்டு இல்லாமல் ஏற்ற விடாதீர்கள். சாலையோர மரம் என்றால் வெட்ட அனுமதி கொடுத்த தாளைக் கேளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. கட்டையாகவே அடுக்கி வைத்து, வேண்டும்போது அறுத்துக்கொள்ளலாமா? ஒரு வருடத்தில் காய்ந்துவிடாதா? (நெய்வேலி வாசகி)

காயாதும்மா. கட்டையாக வாங்குவதில் வருகிற லாபமெல்லாம் கட்டையாகவே போட்டு வைப்பதில் போய்விடும்.

மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற குழல்கள் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடுகின்றன. ஈரம் வெளியேறுவதும் அந்த வழியில்தான் வேகமாக நடக்கும், குறுக்குவாட்டில் மிக மெதுவாகத்தான் கசியும். வெளியே பட்டை வேறு அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு அடிக் கட்டைக்கு ஈரம் வெளியேற இரண்டே முனைகள். அதையே ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்தால் எட்டுத் துண்டு, பதினாறு முனைகள். பிளந்தால் பட்டையின் தடையும் உடைகிறது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது இந்த வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. கையோடு துண்டு போட்டுப் பிளந்தவர்களின் விறகு அந்தச் சித்திரை வெயிலில் கலகலவென்று காய்ந்தது. முழுக் கட்டையாகக் கிடந்ததை ஐப்பசிக்கு முன்னால் புரட்டிப் பார்த்தால் பட்டைக்கடியில் வண்டு துளைத்த மாவு, மண்ணில் பட்ட பக்கம் கறையான், நடுவில் இன்னும் ஈரம். வாழ்நாள் உழைப்பு விழுந்து கிடந்த வீடுகளில் அதையும் பார்க்க மனம் தாங்கவில்லை.

அதனால் தை, மாசியில் வாங்குங்கள், வந்த வாரமே அறுத்துவிடுங்கள். வீட்டு அடுப்புக்கு ஒன்றரை அடி, அண்டா ஏற்றும் கோட்டை அடுப்புக்கு இரண்டு அடி. மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் உள்ளதைப் பிளந்துவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது பெரும்பாலான மரம் கோடாரிக்கு இணங்கும், காயக் காயத்தான் முரண்டு பிடிக்கும். கீழே கல் வைத்து, அதன்மேல் இரண்டு கட்டையை நீளப் போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அடுக்குங்கள். ஒற்றை வரிசையாக, காற்று உள்ளே புகும்படி, சுவரை ஒட்டாமல். தார்ப்பாய் மேலே மட்டும். நாலு பக்கமும் இழுத்து மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். கைத்தடிமன் சவுக்கு இரண்டு மூன்று மாதக் கோடையில் தயாராகும். பிளந்த புளிக்கு ஆறு மாதமாவது கொடுங்கள்.

காய்ந்ததா என்று தெரிய, நாலைந்து துண்டுகளில் சாக்பீஸால் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் சரி. அடுக்கில் கை விடும்போது குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள், தேளும் பாம்பும் அங்கே குளிர்ச்சி தேடி வரும்.

சவுக்கு பச்சையாகவே எரியும் என்கிறார்களே, எதற்குக் காயவைக்க வேண்டும்? (விழுப்புரம் வாசகர்)

எரியும், அது உண்மைதான். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் சூடு வேண்டும். விறகுக்குள் இருக்கும் தண்ணீருக்கும் அதே கணக்குதான், அந்தச் சூடு உங்கள் பாத்திரத்துக்கு வராது. மிச்சம் புகை. அந்தப் புகையைக் குடிப்பது அடுப்பு முன்னால் நிற்பவரின் நெஞ்சு. சமையல் வேலைக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து மாலைவரை இருமிக்கொண்டே கிண்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவாவது காய்ந்த விறகு வாங்கிப் போடுங்கள்.

பெட்ரோல் ரம்பம் வாங்கியிருக்கிறேன். கட்டை அறுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? (அரியலூர் வாசகர்)

லுங்கியும் தோளில் துண்டும் வேண்டாம் தம்பி. பேன்ட், மூடிய செருப்பு, கண்ணாடி, காதுக்கு அடைப்பு. சங்கிலி ஓடும் தகட்டின் நுனி, அதிலும் மேல் மூலை, கட்டையில் படவே கூடாது. பட்டால் ரம்பம் உங்கள் முகத்தை நோக்கித் துள்ளும். கட்டைக் குவியலின் சரிவுப் பக்கம் நிற்காதீர்கள். அடியிலிருந்து ஒன்றை உருவாமல், மேலிருந்து உருட்டி இறக்கி, இரு பக்கமும் கல்லை முட்டுக் கொடுத்து, தரையில் படாமல் தூக்கி வைத்து அறுங்கள். சங்கிலி மண்ணில் ஒருமுறை உரசினால் கூர் போய்விடும், கூர் போன ரம்பத்தை அழுத்தும்போதுதான் கை தவறும். தெருவோர மரமென்றால் விளம்பரத் தகடு அடித்த ஆணி உள்ளே இருக்கும், கட்டையில் கருநீலக் கறை தெரிந்தால் அந்த இடத்தை விட்டு அறுங்கள்.

புளியை நடுவில் அடித்துப் பிளக்கப் பார்க்காதீர்கள், நார் பின்னிக் கிடக்கும். ஓரத்திலிருந்து சீவிச் சீவி உள்ளே போங்கள். இரும்பு ஆப்பின் தலை சம்மட்டி அடியில் பூத்து விரிந்திருந்தால் முதலில் அதை அரத்தால் ராவிவிடுங்கள். அதிலிருந்து ஒரு சில் தெறித்தால் கண் போய்விடும்.

காற்றில் ஒரு பெரிய பலா சாய்ந்துவிட்டது. விறகுக்குப் போடலாமா? (பண்ருட்டி வாசகர்)

அடிமரத்தைப் போடாதீர்கள், தயவுசெய்து. தஞ்சாவூரில் வீணை செய்வது பலா மரத்தில்தான், நம் பண்ருட்டிப் பலாவுக்கு அங்கே தனி மதிப்பு. வைரம் பாய்ந்த பலா கதவு நிலைக்கும் போகும். அறுவை மில்காரரையோ ஆசாரியையோ கூப்பிட்டுக் காட்டும்வரை அடிமரத்தைத் துண்டு போட வேண்டாம். விறகுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இதன் இரண்டு முனையிலும் பெயின்ட் பூசி வைத்தால் ஈரம் மெதுவாக இறங்கும், வெடிப்பு குறையும். நிழலில் வையுங்கள். கிளைகளை மட்டும் ஒன்றரை அடிக்கு அறுத்து விறகுக்கு அடுக்கிக்கொள்ளுங்கள்.