கைதட்டலை வெட்டலாமா?

அன்புள்ள ஐயா,

நியூ வேவ் குழுக்களின் மேடைப் பதிவுகளை மட்டும் கோத்து எண்பது நிமிட மிக்ஸ் ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். டாக்கிங் ஹெட்ஸ், நியூ ஆர்டர், தி க்யூர், டெபெஷ் மோட், ஜாய் டிவிஷன் எல்லாம் அதில் உண்டு. பாட்டுக்குப் பாட்டு தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காகக் கைதட்டலையும் இடைப்பேச்சையும் வெட்டிவிட்டேன், வேகத்தையும் மென்பொருளில் சமன்செய்தேன். இப்போது கேட்டால் சுமாராகப் பதிவான ஸ்டூடியோ பாடல்களைப் போல இருக்கிறது. எங்கே தவறினேன்? இன்னொன்று, ஜாய் டிவிஷனின் 'செரிமனி' பதிவில் தொடக்கத்தில் குரலே சரியாகக் கேட்கவில்லை. அதை நீக்கிவிடலாமா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

நீங்கள் வெட்டி எடுத்தவற்றில்தான் உங்கள் மிக்ஸின் உயிர் இருந்தது என்று நினைக்கிறேன். எந்த மேடை இசைக்கும் இது ஓரளவு பொருந்தும் என்றாலும் நியூ வேவுக்குக் கூடுதலாகப் பொருந்தும். 1970களின் கடைசியில் பங்க் இசையை ஒட்டி எழுந்த இந்தக் குழுக்களில் பல, கிட்டாருக்குப் பக்கத்தில் மின்னணு ஒலியை உண்டாக்கும் சின்தசைசரையும், தாளத்தைத் தானாக வாசிக்கும் டிரம் மெஷினையும் கொண்டுவந்து வைத்தன. ஸ்டூடியோவில் எந்திரமும் வாசிப்பவரும் பிசிறில்லாமல் ஒன்றாகிவிட முடியும், ஏனென்றால் திருத்துவதற்கு அங்கே நேரம் இருக்கிறது. மேடையில் எந்திரம் தன்போக்கில் ஓடும். மனிதர் அதை எட்டிப்பிடிக்க வேண்டும், சில இரவுகளில் தவறவிடவும் வேண்டியிருக்கும். அந்த இழுபறி காதில் விழும் இடங்களைத் தேடிக் கோப்பதுதான் இப்படியொரு மிக்ஸின் வேலை.

உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் டாக்கிங் ஹெட்ஸின் 'சைக்கோ கில்லர்' பாடலையே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் இயக்குநர் ஜானதன் டெம்மி படம்பிடித்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்ற கச்சேரிப் படம் இந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் வெற்று மேடைக்குத் தனியாக வருகிறார், கையிலிருக்கும் டேப் ரெக்கார்டரைத் தரையில் வைக்கிறார், ஒரு டேப்பைப் போட்டுக்காட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டுக் கிட்டாரை வாசிக்கத் தொடங்குகிறார். தாளம் அந்தப் பெட்டியிலிருந்து வருவதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அது ரோலண்ட் டி.ஆர்-808 என்ற டிரம் மெஷின்; ஒலிக்கலவை மேசையிலிருந்து வந்தது. பாடலின் பிற்பகுதியில் சீராகப் போய்க்கொண்டிருக்கும் தாளம் திடீரென்று துப்பாக்கிச் சூடுபோல் வெடித்துச் சிதறுகிறது, பைர்ன் குண்டடி பட்டவரைப்போல் மேடையில் தள்ளாடுகிறார். அடுத்த வெடிப்பு, மறுபடியும் தள்ளாட்டம். எந்திரத்தின் முன்னால் ஒரு மனித உடல் நிலைகுலைவதை இவ்வளவு நேராகக் காட்டிய இன்னொரு மேடைப் பாடல் எனக்குத் தெரியாது. வேகத்தைச் சமன்செய்யும் மென்பொருளோ இந்தச் சிதறலைப் பிழை என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பாட்டில் கைவைத்த அன்றே மிக்ஸ் கையைவிட்டுப் போயிருக்கும்.

நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' இதற்கு மறுபக்கம். 1983 மார்ச் 31 அன்று பிபிசி தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் அதை வாசித்தார்கள். பதிவுக்கு வாயசைப்பதே அங்கே வழக்கமாக இருந்தபோது, இவர்கள் நேரடியாகத்தான் வாசிப்போம் என்று பிடிவாதமாக நின்றார்கள். கருவிகள் ஒத்துழைக்கவில்லை, பாட்டு மெலிந்து ஒலித்தது, அதன்பின் விற்பனைப் பட்டியலிலும் அந்த இசைத்தட்டு கீழிறங்கியது. நீங்கள் இதற்குப் பதிலாகப் பின்னாளில் வந்த நேர்த்தியான ஒரு பதிவைச் சேர்த்திருக்கிறீர்கள். என் தேர்வு 1983தான். அந்த நான்கு பேரும் தங்கள் எந்திரங்களைப் பதற்றத்தோடு மேய்ப்பது அதில் கேட்கிறது.

டெபெஷ் மோடின் '101' தொகுப்பில் இன்னொரு விதமான சிக்கல் இருக்கிறது. 1988 ஜூன் 18, கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ரோஸ் பௌல் மைதானம், ஏறத்தாழ 60,000 பேர். அந்தக் காலத்தில் டெபெஷ் மோட் மேடையில் தாளத்தையும் இன்னும் சில அடுக்குகளையும் டேப்பில் ஓடவிட்டுத்தான் வாசித்தார்கள். ஆகவே, அங்கே மாறாத பகுதி மேடையில் இருந்தது, அந்த இரவுக்கு மட்டுமே உரிய பகுதி மைதானத்தில் இருந்தது. 'எவ்ரிதிங் கவுன்ட்ஸ்' பாட்டின் முடிவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, மக்கள் பல்லவியைப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் சரியாக அந்த இடத்தில் கத்தரித்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தயவுசெய்து அதைத் திரும்ப ஒட்டுங்கள்.

தி க்யூரின் 'எ ஃபாரஸ்ட்' பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 1981 ஜூலையில் பெல்ஜியத்தின் வெர்க்டர் விழாவில், அடுத்து பாடகர் ராபர்ட் பாமர் பாட வேண்டும், சீக்கிரம் முடியுங்கள் என்று அவர்களை அவசரப்படுத்தினார்கள். அவர்கள் அந்த ஒரு பாட்டையே ஒன்பது நிமிடம்வரை இழுத்தார்கள். அதைச் சுருக்க வேண்டாம்.

இனி ஒட்டும் வேலை. கைதட்டலை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ததும் புதிய தொல்லை வரும்: ஒவ்வோர் அரங்குக்கும் ஒரு காற்று இருக்கிறது. சிறிய கிளப்பின் கைதட்டல்மேல் மைதானத்தின் இரைச்சலை ஏற்றினால், இரண்டு அறைகளின் எதிரொலி சேர்ந்து கேட்டு, காது உடனே ஏமாற்றைக் கண்டுபிடித்துவிடும். அதனால் பாடல்களை வேகத்தைக் கொண்டோ ஆண்டைக் கொண்டோ வரிசைப்படுத்தாமல் இடத்தின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். தொலைக்காட்சி ஸ்டூடியோவின் வறண்ட ஒலியில் தொடங்கலாம். ஜாய் டிவிஷன் 1979 டிசம்பர் 18 அன்று வாசித்த பாரிஸின் 'லே பேன் தூஷ்', ஒருகாலத்தில் பொதுக் குளியல் கூடமாக இருந்த சிறிய கிளப். அது அடுத்து வரலாம். அதற்குப் பிறகு பான்டேஜஸ், பிறகு வெர்க்டரின் திறந்தவெளி, கடைசியில் ரோஸ் பௌல். கேட்பவருக்குக் கூரை மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போவதுபோல் இருக்கும். ஓர் அரங்கின் கைதட்டல் தானாக அடங்கும்வரை விடுங்கள். அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன்பிருக்கும் அந்த அரங்கின் சலசலப்பை நான்கைந்து விநாடி முன்கூட்டியே கொண்டுவாருங்கள். இரண்டு கூட்டங்களும் சேர்ந்து ஒலிக்கும் நேரம் ஒரு விநாடியைத் தாண்ட வேண்டாம். ஒலி அளவைக் குரலையும் ஸ்னேர் டிரம்மையும் வைத்துச் சமன்செய்யுங்கள். கூட்டத்தின் சத்தம் அதற்கேற்ப எங்கே விழுகிறதோ அங்கேயே இருக்கட்டும். வேகத்தைத் தொடவே வேண்டாம்.

'செரிமனி'யை நீக்காதீர்கள். 1980 மே 2 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஜாய் டிவிஷனின் கடைசி நிகழ்ச்சியில் பதிவானது அது. பதினாறு நாட்களுக்குப் பிறகு குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்துபோனார், மிஞ்சியவர்கள் நியூ ஆர்டர் ஆனபின் இதே பாட்டைத் தங்கள் முதல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பர்மிங்காம் பதிவில் முதலில் வாத்தியங்களே முன்னால் நிற்கின்றன, பாடுகிறவர் அங்கே இருக்கிறாரா என்றே சந்தேகம் வருகிறது, பிறகுதான் குரல் மேலே வருகிறது. குரல் இல்லாத அந்தப் பகுதியைச் சரிசெய்ய முயல வேண்டாம். பாரிஸ் கிளப்பை அடுத்து இதை வையுங்கள், இது முடிந்ததும் மட்டும் எந்த அரங்கின் சலசலப்பையும் கொண்டுவந்து ஒட்டாமல் மூன்று நான்கு விநாடி அப்படியே விட்டுவிட்டு, அதன்பின் பைர்ன் டேப் ரெக்கார்டரோடு மேடைக்கு வரட்டும்.