விளக்கு அணைந்த பின் அரை மணி நேரம்

கேள்வி: தொலைக்காட்சியில் பார்த்த ஒரு படத்தில், செல்வந்தர் ஒருவரின் தனி ஜெட் விமானத்தில் மின்சாரம் நின்றதும் விமானம் உடனே கீழ்நோக்கிப் பாய்கிறது. தனியார் ஜெட்களை நம்பி ஏறலாமா?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: நம்பி ஏறலாம். ஆனால் நான் எழுத விரும்புவது உங்கள் கேள்வியில் உள்ள அந்த ‘உடனே’ பற்றித்தான். திரைக்கதை எழுதுவோர் நீண்ட காலமாக நம்மை நம்பவைத்திருக்கும் பொய் அது.

ஜெட் எஞ்சினில் எரிதல் ஒருமுறை தொடங்கிவிட்டால், அதைத் தொடர மின்பொறி தேவையில்லை. எரிபொருளை உயர் அழுத்தத்தில் செலுத்தும் பம்பியை எஞ்சினின் சுழற்சியே இயக்குகிறது. சிறிய, நடுத்தர தனி ஜெட்களில் பொதுவாக எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு 28 வோல்ட் மின்பிறப்பாக்கிகள் இருக்கும். ஒன்று நின்றால் அத்தியாவசியமான சுமையை மற்றது தாங்கும். இரண்டும் நின்றால், முக்கிய கருவிகளுக்குக் குறைந்தது அரை மணி நேரம் பற்றரி மின்சாரம் கொடுக்கும். கல்முனையிலிருந்து இரவில் தொழிலுக்குப் போகும் படகில் விளக்கும் திசைகாட்டும் கருவியும் அணைந்தால் எஞ்சின் நிற்பதில்லை, கரை எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாமல் போகிறது. முகிலுக்குள் பறக்கும் விமானிக்கும் அதுவே நேர்கிறது. ஃபல்கன் 7எக்ஸ் போன்ற, சுக்கான்களுக்கான கட்டளையே மின்சமிக்ஞையாகச் செல்லும் விமானங்களில் மின்சாரத்தின் தேவை இன்னும் கூடுதல் என்பது உண்மைதான். அதற்காகவே அவற்றில், எதிர்க்காற்றில் சுழன்று மின்சாரம் தரும் சிறு சுழலியொன்றை வைத்திருக்கிறார்கள்.

அந்த அரை மணி நேரத்துக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு, தனி ஜெட் அல்லாத ஒரு சிறு பயணிகள் விமானத்தின் கதையைச் சொல்கிறேன். 1983 ஒக்டோபர் 11 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலிருந்து கார்பண்டேலுக்குப் புறப்பட்ட எயார் இலினோய் 710 இல், ஏறிய சற்று நேரத்திலேயே இடப்பக்க மின்பிறப்பாக்கி பழுதடைந்தது. துணை விமானி தவறுதலாக, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த வலப்பக்க மின்பிறப்பாக்கியைத் துண்டித்தார்; அதை மீண்டும் இணைக்க முடியவில்லை. புறப்பட்ட நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் தலைமை விமானி, சிறியதொரு மின்கோளாறு என்று தரைக்கு அறிவித்துவிட்டு, பற்றரியை நம்பிப் பயணத்தைத் தொடர்ந்தார். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பற்றரி வற்றியது, கருவிகள் இருண்டன, விமானம் தரையில் மோதியது. அதிலிருந்த 10 பேரும் இறந்தார்கள். எஞ்சின்கள் கடைசிவரை ஓடின. இந்த மரணங்களுக்குக் காரணம் ஒரு தவறான ஆளியும், திரும்பிப் போவதில்லை என்ற ஒரு முடிவும்.

‘படத்தில் லொஜிக் தேடாதீர்கள்’ என்று என்னோடு பல வருடங்களாக வாதிட்டு வரும் நண்பர்களைக் கேட்கிறேன்: கூரையிலிருந்து தீப்பொறி கொட்ட, எல்லோரும் அலற, விமானம் குத்தென விழும் இரண்டு நிமிடக் காட்சியா, அல்லது இந்த அரை மணி நேரமா பயங்கரமானது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டில் இருந்த இந்த ஊர்ப் பார்வையாளர்களுக்கு, இருட்டு எவ்வளவு மெதுவாக இறுக்கும் என்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

தீ வேறு விடயம். 1998 செப்டெம்பர் 2 ஆம் திகதி, கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரக் கடலில் 229 பேருடன் விழுந்த சுவிஸ்எயார் 111 இல், தீ மூண்ட இடத்துக்கு அருகே, பயணிகள் படம் பார்ப்பதற்கான இருக்கைத் திரைகளுக்கு மின்சாரம் கொண்டுசென்ற கம்பியில் மின்பொறி பாய்ந்த தடயம் கிடைத்தது. மின்புகை எழுந்தால் விமானிகள் மின்சாரத்தைத் தாங்களே பகுதி பகுதியாக நிறுத்துவார்கள். விளக்கு அணைவது அங்கே உயிர் காக்கும் செயல், ஆனால் திரையில் நான் அதைக் கண்டதே இல்லை.

2009 ஜனவரி 15 ஆம் திகதி நியூயோர்க்கில், பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் வலுவிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கப்டன் சலன்பேர்கர், தொடக்கத்திலேயே செய்த காரியங்களுள் ஒன்று, விமானத்தின் வால்பகுதியிலுள்ள துணை எஞ்சினை இயக்கி மின்சாரம் அறாமல் பார்த்துக்கொண்டது. ஒரு கை ஓர் ஆளியை நோக்கி நீள்வதில் அத்தனை உயிர்கள் தங்கியிருக்கும்போது, அதைவிடப் பெரிய சண்டைக்காட்சி எதற்கு?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைமாருக்கு இதைச் சொல்கிறேன். இந்தக் கதைக்கு வெடியும் வேண்டாம், கணினி வரைகலையும் வேண்டாம். ஒரு சிறிய விமானியறை, இரண்டு நடிகர்கள், ஒவ்வொன்றாக அணையும் கருவிகள், குறைந்துகொண்டே போகும் பற்றரி ஆகியவை போதும். எந்த ஆளி எதை நிறுத்தும் என்று படித்தறிந்து எவராவது அப்படியொரு திரைக்கதை எழுதி அனுப்பினால், எத்தனை பக்கம் வந்தாலும் முழுமையாக இந்தச் சஞ்சிகையில் வெளியிடுவேன்.